பள்ளிக்கூடப் பந்தியில் வஞ்சனை வேண்டாம்

நம் பாட்டிமார் பெரும் பாவம் என்று சொல்லி வைத்தவற்றில் ஒன்று பந்தி வஞ்சனை. வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இலையில் வடையும் பாயசமும் விழுகின்றன. பக்கத்து இலையைப் பார்க்காதது போல் வாளி தாண்டிப் போகிறது. சமைத்தது பற்றாமல் போனால் மன்னிப்பு உண்டு. ஆள் பார்த்துப் பரிமாறினால் மன்னிப்பே கிடையாது. கல்யாண வீட்டில் இப்படி நடந்தால் இன்றும் நாம் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவோம். ஆனால் பள்ளியாண்டு முடியும் இந்த நாள்களில், நம் தமிழ்ப்பள்ளி வகுப்புகளில், நம் கைப்பேசிக்குள்ளேயே அது நடக்கிறது. நாம் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம்.

எதைச் சொல்கிறேன் என்று பெற்றோருக்குத் தெரியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வரும். ஜாமுவான் விருந்துக்கு இவ்வளவு, டி-சட்டைக்கு இவ்வளவு, பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு இவ்வளவு, குழுப்படத்துக்கு இவ்வளவு. கீழே பிள்ளைகளின் பெயர்கள், ஒன்று முதல் முப்பது வரை. பணம் கட்டியவர் பெயருக்கு எதிரே பச்சை அடையாளம். நாளுக்கு நாள் பச்சை ஏறிக்கொண்டே வரும். கடைசியில் மூன்று பெயர்கள் மட்டும் வெறுமையாக நிற்கும். அதற்குக் கீழே, “இன்னும் கட்டாதவர்கள் நாளைக்குள் கட்டிவிடவும்” என்று ஒரு வரி, கூப்பிய இரண்டு கைகளோடு. அந்த மூன்று பெயர்கள் முப்பது வீட்டுக்கும் தெரியும். அப்பா அம்மாவின் கைப்பேசியில் விளையாடும் முப்பது பிள்ளைகளுக்கும் தெரியும். மறுநாள் காலை சபைகூடலில் தலை குனிந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

முதலில் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

விழா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஏழு வயதில் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதபடி உள்ளே வந்த பிள்ளை, ஆறு ஆண்டுகள் கழித்துத் தமிழில் எழுதவும், மலாயில் பேசவும், ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறவும் கற்றுக்கொண்டு வெளியே போகிறது. அதைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் யாருக்காகக் கொண்டாடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். விழா நன்றாக நடந்ததா என்று பார்க்க மேடையைப் பார்க்காதீர்கள். பந்தியின் கடைசி இலையைப் பாருங்கள். அதில் சோறு விழுந்திருந்தால் விழா நன்றாக நடந்தது. விழவில்லையென்றால், மண்டபம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நடக்கவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாள் உழைப்பு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆண்டிறுதிச் செலவு பிள்ளைக்கு 65 வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்க்கும் ஒரு தாயின் முழுநாள் அதில் போகிறது. பள்ளியில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு நாள். அதே மாதத்தில்தான் புதிய ஆண்டுக்கான சீருடை, கறுப்புக் காலணி, பயிற்சிப் புத்தகங்கள், பள்ளி வேன் கட்டணம் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி கொடுத்து வருகிறது. சீருடைக்கும் காலணிக்கும் என்று வரும் அந்தக் காசில் ஏறக்குறைய பாதி, ஒரே நாள் அங்கிக்கும் பலூனுக்கும் கேக்குக்கும் போகலாமா? வாடகைக்கு வாங்கிய அங்கியை மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலணி இல்லாத கால் ஜனவரியிலும் அப்படியேதான் இருக்கும்.

இந்த அங்கி மோகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கென 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுதோறும் பள்ளி வாசலில் பதாகை கட்டுவோம். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் அதில் சிரிக்கும். மற்றப் பிள்ளைகள் அந்தப் பதாகைக்குக் கீழே நடந்து வீட்டுக்குப் போவார்கள். தேர்வு போனபோது, பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பலரும் பெருமூச்சு விட்டோம். தேர்வுதான் போனது, பிள்ளைகளைத் தரம் பிரித்து நிறுத்தும் நம் பழக்கம் போகவில்லை. அன்று மதிப்பெண்ணை வைத்துப் பிரித்தோம், இன்று அப்பாவின் பணப்பையை வைத்துப் பிரிக்கிறோம். மதிப்பெண்ணுக்காவது பிள்ளை படித்திருந்தது. அப்பாவின் சம்பளத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம். இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. ஆனால் அது வேர் பிடித்தது ரப்பர்த் தோட்டங்களில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் சொன்னது. கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் போய்த் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. இருந்தும் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இன்றும் சில பள்ளிகள் தோட்டத்தைப் பெயரில் சுமந்துகொண்டு நிற்கின்றன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த பகுதியில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும் பிள்ளைகளின் படிப்பைத் தன் முக்கியப் பணியாக எடுத்துக்கொண்டது. பால்வெட்டியவரும் தண்டவாளம் போட்டவரும் தம் பிள்ளைகளை அனுப்பிய இடம் தமிழ்ப்பள்ளி. அங்கே ஏழைப் பிள்ளை விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர்.

பிரிக்பீல்ட்ஸின் பெரிய வீதிக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மாலை வாங்கவும் சேலை வாங்கவும் நடக்கும் நாம் அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல், அவர் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய சமூகம் நாம். பத்து வெள்ளி குறைகிறது என்று ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தலாமா?

உதவி செய்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வள்ளுவர் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்தார். ஈகைக்குத் தனி அதிகாரம் வைத்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடமை என்று எண்ணி, கைம்மாறு கருதாமல் செய்வது ஒப்புரவு. வகுப்பில் மூன்று பிள்ளைகளின் செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது ஈகை அல்ல, ஒப்புரவு. எனவே அந்தப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, அட்டையில் செய்த பெரிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். பள்ளிப்பை கொடுத்த கை நாளிதழில் தெரியும்போது, வாங்கிய முகமும் தெரிகிறது. அந்த முகத்துக்கு வயது பத்து. நாளைக்கு அதே முகத்தோடுதான் அது வகுப்புக்குப் போக வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, வழி இருக்கிறது. செலவுப் பட்டியலை முதலில் போட்டுவிட்டு அதன் பிறகு பணம் கேட்காதீர்கள். சங்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் விழாவை அமையுங்கள். மேலும் தேவையானால் ஒரு பூட்டிய பெட்டியை அலுவலக வாசலில் வையுங்கள். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம். அங்கி வேண்டாம், துவைத்து மடிப்புக் கலையாத பள்ளிச் சீருடையைவிடப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான பட்டாடை இல்லை. ஜாமுவானுக்கு மீகூனும் கோழியும் சிற்றுண்டிச் சாலையிலேயே சமைக்கலாம். வீட்டுக்கு வீடு பலகாரம் கொண்டுவரச் சொன்னால், ஒரு பிள்ளை கடைக் கேக்கும் இன்னொரு பிள்ளை ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொண்டு வரும். ஆகவே வந்தவை எல்லாம் ஒரே மேசைக்குப் போகட்டும். யார் கொண்டுவந்தது என்று பெயர் வேண்டாம். நடனத்துக்கு வாடகை உடை வேண்டாம். சினிமாக் குத்துப்பாட்டுக்குப் பத்து வயதுப் பெண்பிள்ளைகளை ஆடவிட்டுக் கைதட்டுவதும் வேண்டாம். கும்மியும் கோலாட்டமும் நம்மிடம் இருக்கின்றன. பாவாடை தாவணியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர்களே, சிறப்பு வருகையாளருக்காகப் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். பத்து மணிக்கு என்று சொன்ன விழாவில் டத்தோ பதினொன்றரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் தரையில், வியர்த்த முகத்தில் பவுடர் கரைய உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் காலியாக இருக்கும். அவர் வந்ததும் மாலை, பொன்னாடை, உரை. கடைசியில், நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளின் நிகழ்ச்சியில்தான் கத்தரி விழும். குறித்த நேரத்துக்குத் தொடங்குங்கள். வந்தவர் வந்த இடத்தில் உட்காரட்டும். முன்வரிசையை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆண்டு முழுதும் கழிப்பறை கழுவிய அம்மாவையும், வாசலில் நின்ற பாதுகாவலரையும் பிள்ளைகள் கையால் கௌரவியுங்கள். பரிசு வாங்காத பிள்ளையின் பெயரையும் ஒலிபெருக்கியில் கூப்பிடுங்கள்; சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். ஆறு ஆண்டுகளில் ஒரு முறையாவது தன் பெயரை மண்டபம் முழுக்க ஒலிக்கக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டியலில் விடுபட்ட பிள்ளைக்குத் தம் கைக்காசைப் போட்டுவிட்டு வெளியே சொல்லாத டீச்சர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆசிரியரின் நல்ல மனத்தை நம்பி ஒரு பள்ளி கெட்ட வழக்கத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. வழக்கத்தையே மாற்றுங்கள்.

இனி விடுமுறைக்கு வருவோம். விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பந்தி வஞ்சனையின் பெரிய பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கோவிட் காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளியாண்டுத் தொடக்கம் 2026-இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. ஆண்டிறுதி விடுமுறையும் டிசம்பர் மழையும் மறுபடியும் சேர்ந்து வருகின்றன. “எங்கே போகிறீர்கள்?” என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பார்கள். ஒருவர் கேமரன் மலை என்பார். ஒருவர் தமிழ்நாடு என்பார். ஒரு பிள்ளை பேசாமல் இருக்கும். அதன் விடுமுறை அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு தம்பியோடும் ஒரு கைப்பேசியோடும் கழியப் போகிறது. அப்பா லோரியில் போயிருப்பார். அம்மா ஷிப்டில் இருப்பார். இப்படிப் பிள்ளைகளைத் தனியே விட்டுப் போவதை 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் குற்றம் என்கிறது. அந்தத் தாய்க்கும் அது தெரியாமல் இல்லை. விட்டுப் போக ஆள் இல்லை. சட்டத்தைக் காட்டி அவரை ஏசுவது சுலபம். அதே மாடியில் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் நீங்கள், “என் பிள்ளைகளோடு உட்காரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வதுதான் அறம். இன்று போய்ச் சொல்லுங்கள். பள்ளி பூட்டிய பிறகு சொல்லலாம் என்றால் அதற்குள் அந்தக் கதவும் பூட்டியிருக்கும்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கூடுதல் உணவுத் திட்டம் என்று பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கிறார்கள், ஆர்.எம்.டி. என்றால் எல்லாருக்கும் புரியும். பள்ளி மூடினால் அந்தத் தட்டும் மூடுகிறது. விடுமுறையில் வயிற்றுக்கு விடுமுறை இல்லை. நல்லவேளை, அது மார்கழி வரும் காலம். கிள்ளானில் 1892-இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயில் முதல் தாமான் ஓரத்துச் சின்ன மாரியம்மன் கோயில் வரை விடியலில் விளக்கெரியும். வெண்பொங்கல் வேகும். கோயில் நிர்வாகத்தாரே, அன்னதானத்துக்குப் பெயர் எழுதிக்கொள்ள வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இந்த மாதம் பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுக்குக் கொடுங்கள் என்று. தலைமையாசிரியரிடம் கேட்டால் எந்தத் தாமானில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்வார். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். வருகிற பிள்ளைக்கெல்லாம் போடுங்கள். யார் ஏழை என்று விசாரிக்காதீர்கள்.

இது நம்மால் ஆகாத காரியம் அல்ல. 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அந்த நாள்களில் பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவின் சமையற்கட்டில் எல்லா இனத்தவரும் கூடிச் சமைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். லங்கர் என்னும் சீக்கியர்களின் பொதுப் பந்தியில் வருகிறவர் யார் என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே தரை, ஒரே உணவு. பந்தி வஞ்சனை இல்லாத பந்தி எப்படி இருக்கும் என்பதை நமக்கு மிக அருகில் ஒரு சமூகம் நாள்தோறும் செய்து காட்டுகிறது. வெள்ளம் வந்தால்தான் நமக்கு அந்த மனம் வருமா?

வெள்ளம் என்றதும் ஓர் எச்சரிக்கை. விடுமுறையில் உலு லங்காட், உலு யாம் பக்கத்து அருவிகளுக்கு வேன் பிடித்துப் போவோம். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு திடீரென்று சுவர் போல் வரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பது அதைத்தான். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், குளிக்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்று அழுதால் அழட்டும். கோழியைச் சுட்டுக்கொண்டு பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் தண்ணீரில் ஒரு பக்கம் என்று இருக்காதீர்கள். பெரியவர்களில் ஒருவர் குடிக்காமல், கைப்பேசி பார்க்காமல், பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும்.

உல்லாசப் பயணத்துக்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கலாம். பக்கத்தில் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. மறுபக்கம் நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்தப் பகுதியில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கோலூன்றி வருபவர் அந்த மேடுகளைத் தடவித்தான் வழி அறிகிறார். அதன் மேல் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால், “ஏன் இப்படிச் செய்யக் கூடாது?” என்று பிள்ளையையே கேளுங்கள். நன்னெறிப் பாடத்தில் ஓர் ஆண்டு படித்தது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். போகும்போது உங்கள் பிள்ளையோடு இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பத்தாவது மாடிப் பிள்ளையை.

ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அடுத்த ஆண்டு நீங்கள் போகும் இடைநிலைப்பள்ளி பெரியது. பாடங்கள் மலாயில் நடக்கும். உங்கள் வகுப்பில் தமிழ் பேசுபவர் நான்கைந்து பேர்தான் இருக்கலாம். மலாய்மொழித் தேர்ச்சி போதாத சிலர் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருக்கும். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பியோ தங்கையோ தடுமாறினால், விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் சேர்ந்து மலாய் நாளிதழ் படியுங்கள். புதுப் பள்ளியின் முதல் நாளில், இடைவேளையில் தனியாக நிற்கும் பிள்ளையைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தேன் என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் எதுவும் இல்லை.

பெற்றோரே, பெரியோரே, நீட்டிப் பேசிவிட்டேன். செய்ய வேண்டியது நீளமில்லை. இன்று இரவு வகுப்புக் குழுவைத் திறங்கள். பட்டியலை எடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள்தான் போட்டீர்கள் என்றால் நீங்களே எடுத்துவிடுங்கள். வெறுமையாக நிற்கும் மூன்று பெயர்களுக்குரிய பணத்தைச் சங்கத்தில் நேரில் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு அதே மாடியில், அதே தெருவில் ஒரு கதவைத் தட்டி, விடுமுறையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். நாளை மறுநாள் வேண்டாம், இன்றே. கடைசி இலையில் பரிமாறிய பிறகு நாம் சாப்பிடுவோம்.